வாசகர் கேள்வி–பதில்: பயணப் பையில் ஏறிய பழைய பித்தளை ஸ்டவ்கள்

மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் எரியும் பழைய பயண ஸ்டவ்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகள் என்பதால், அவற்றுள் சிலவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: சிறிய எரிவாயுக் குப்பியின் மேல் திருகிப் பொருத்திய நொடியில் எரியும் அடுப்புகள் கிடைக்கும் காலம் இது. அப்படியிருக்க, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பித்தளை ஸ்டவ்வைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்து, மலைக்கும் காட்டுக்கும் சுமந்து செல்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இது வெறும் பழமை மோகம்தானா?

பதில்: பழமையின் மீதான பற்று இதில் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளை விரும்புகிறவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறைவடைந்துவிடுவார். இந்த ஸ்டவ்களை விரும்புகிறவர்களோ அவற்றைப் பற்றவைக்கிறார்கள், தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள், அடைப்பு ஏற்பட்டால் நீக்குகிறார்கள், வாஷர் தேய்ந்தால் மாற்றி மீண்டும் பையில் எடுத்து வைக்கிறார்கள். பயன்பாட்டில் இன்னும் நிற்கும் பொருளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் பார்வையில் இந்த ஈர்ப்பின் முதற்காரணம், இந்த ஸ்டவ்வில் மறைவானது எதுவும் இல்லை என்பதே. எண்ணெய் நிற்கும் தொட்டி, காற்றடிக்கும் பம்பு, எண்ணெய் மேலேறும் குழாய், அது ஆவியாகும் பர்னர், ஆவி சீறி வெளிவரும் நுண்துளை என உறுப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் திருகிக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கலாம். பார்த்த மாத்திரத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதும், வேலை செய்யாதபோது எது கெட்டிருக்கிறது என்பதும் விளங்கிவிடும். காற்று இறங்கினால் தோல் வாஷரைப் பார்க்க வேண்டும். சுடர் சிறுத்தால் நுண்துளையைப் பார்க்க வேண்டும். மூடியருகே ஈரம் கசிந்தால் மூடியின் வாஷரைப் பார்க்க வேண்டும். காரணமும் விளைவும் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் கருவிகள் நம் கைக்கு இப்போது அரிதாகவே கிடைக்கின்றன. அழுத்தினால் எரியும், எரியாவிட்டால் தூக்கியெறியும் கருவிகளுக்கு நடுவே, பழுதடைந்தாலும் தன் உடைமையாளரை நம்பி நிற்கும் ஒரு கருவி மனத்தைக் கவர்வதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம், நெருப்பை உண்டாக்குவதில் நமக்கும் ஒரு பங்கு கிடைப்பது. ஸ்பிரிட்டை ஊற்றிப் பர்னரைச் சூடேற்றுவது, அந்தச் சிறு நெருப்பு அணையப்போகும் கணத்தைப் பார்த்திருந்து, தொட்டியின் காற்றை வெளியேவிடும் காற்றுத் திருகை மூடுவது, மெதுவாக இரண்டு மூன்று முறை பம்பு செய்வது, சுடர் நிலைத்த பிறகு இன்னும் கொஞ்சம் காற்றடிப்பது என்று ஒரு வரிசை உண்டு. அவசரப்பட்டால் மஞ்சள் தீ எழும். தாமதித்தால் பர்னர் குளிர்ந்துவிடும். நாள் முழுதும் நடந்து களைத்தவருக்கு இது கூடுதல் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சில நிமிடங்களின் கவனமே பலருக்கு அந்த நாளின் நல்ல பகுதியாக அமைகிறது என்பதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

மூன்றாவது, எரிபொருளைப் பற்றிய தெளிவு. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 35,000 கிலோஜூல் அடங்கியிருக்கிறது. வெப்பத்தில் பாதி காற்றோடு போய்விடுவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் போதும். போகும் நாள்களைக் கணக்கிட்டு, வேண்டிய அளவை மட்டும் புட்டியில் அளந்து எடுத்துக்கொண்டு போகலாம். தீர்ந்த குப்பிகளைச் சுமந்துகொண்டு திரும்ப வேண்டியதில்லை. பாதி காலியான எரிவாயுக் குப்பியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று குலுக்கிப் பார்த்து ஊகிப்பவர்களுக்கு இந்தத் தெளிவின் அருமை தெரியும்.

எடை கூடுதல், பற்றவைக்க நேரமாகும், எண்ணெய் வாடை கையில் ஒட்டும். இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஓரிரவு மட்டும் தங்கப் போகிறவருக்கு எரிவாயு அடுப்பே வசதி.

கேள்வி: திரியே இல்லாமல், புகையும் இல்லாமல், மண்ணெண்ணெய் எப்படி நீல நிறத்தில் எரிகிறது? இதைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: திரவமாக இருக்கும் மண்ணெண்ணெய் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. திரியடுப்பிலும் அப்படித்தான். ஆனால் அங்கே ஆவியோடு காற்று முன்கூட்டியே கலப்பதில்லை. காற்றுப் போதாத இடத்தில் நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகி, அவை சூட்டில் ஒளிர்வதால் சுடர் மஞ்சளாகத் தெரிகிறது. எரியாமல் தப்பிய துகள்கள் பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன.

ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் 1882-ல் உருவாக்கிய புளோ லேம்ப் என்ற சுடர் பீய்ச்சும் கைக்கருவி, எரிபொருளை அதன் சொந்தச் சுடரின் வெப்பத்தாலேயே ஆவியாக்கி எரிக்கும் வழியைத் திறந்துவிட்டது. அதே நாட்டின் ஸ்டாக்ஹோமில் ஆலைத் தொழிலாளியாக இருந்த ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட், இந்த வழியைச் சமையலுக்குத் தக்கவாறு திருப்பி, 1892-ல் புகையில்லாத மண்ணெண்ணெய் ஸ்டவ்வை உருவாக்கினார். பிரைமஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் சென்றது. அந்தப் பெயரே பல நாடுகளில் இவ்வகை ஸ்டவ்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அது வேலை செய்யும் முறை இதுதான். பம்பு அடிக்கும்போது தொட்டியில் எண்ணெய்க்கு மேலுள்ள இடத்தில் காற்றழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் எண்ணெயை நடுக்குழாய் வழியாகப் பர்னருக்குத் தள்ளுகிறது. பர்னரின் குழாய்கள் மேலே ஏறி, சுடரின் அருகே வளைந்து, மீண்டும் கீழே இறங்கி, நடுவிலுள்ள நிப்பிள் என்ற நுண்துளை முனைக்கு வந்து சேரும்படி அமைந்துள்ளன. சுடருக்குள்ளேயே சுற்றி வருவதால் எண்ணெய் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. நிப்பிளின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதன் வழியே வேகமாகச் சீறும் ஆவி, சுற்றியிருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலேறுகிறது. இப்படி எரிவதற்கு முன்பே காற்று கலந்துவிடுவதால் கரித்துகள் உண்டாக இடமில்லாமல் சுடர் நீலமாக நிற்கிறது.

தன் எண்ணெயைத் தானே ஆவியாக்கிக்கொள்ளும் சுடருக்கு, முதல் சூட்டை மட்டும் யாராவது கொடுத்தாக வேண்டும். பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்துவது அதற்காகத்தான். இந்தச் சூடு போதாவிட்டால் ஆவிக்குப் பதில் திரவ எண்ணெயே பீய்ச்சி, ஓர் அடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழும். பம்பு ஸ்டவ்வைக் கண்டு அஞ்சுகிறவர்களில் பெரும்பாலோர் கண்டது இந்தத் தீயைத்தான். அப்போது பம்பைத் தொடாமல், காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டால் தீ தணிந்துவிடும். பிறகு பொறுமையாக மீண்டும் சூடேற்ற வேண்டும். காற்று வீசும் இடத்தில் ஸ்பிரிட்டின் சூடு பர்னரில் ஏறாமல் வெளியே போய்விடும் என்பதால், மறைப்பு வைத்துக்கொள்வதும், தேவையானால் இரண்டாம் முறை ஸ்பிரிட் ஊற்றுவதும் நல்லது. ஆனால் முதல் நெருப்பு முழுதும் அணைந்து, கிண்ணமும் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட்டைச் சாய்ப்பதால் நேரும் விபத்து, ஸ்டவ் தரும் விபத்தைவிடக் கொடியது.

கேள்வி: சில ஸ்டவ்கள் இடி போல இரைகின்றன, சில ஓசையின்றி எரிகின்றன. எது சிறந்தது?

பதில்: இரைச்சலிடும் பர்னரில், சீறி வரும் ஆவி ஒரு தட்டின் மீது மோதிப் பரவுகிறது. ஓசையற்ற பர்னரில் பல நுண்துளைகள் கொண்ட மூடி இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு சுடர் எரியும். மெதுவான சமையலுக்கு ஓசையற்றது இசைவானது. காற்று வீசும் வெட்டவெளிக்கு இரைச்சலிடுவதே உறுதியானது, உறுப்புகளும் குறைவு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் இரைச்சலிடுவதையே எடுத்துக்கொள்வேன். அந்த ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டே தொட்டியில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

கேள்வி: பனிமலைகளில் இன்றும் திரவ எரிபொருள் ஸ்டவ்களே நம்பகமானவை என்று படித்தேன். இது உண்மையா, அல்லது பழைய பெருமையா?

பதில்: உண்மைதான், அதற்கு எளிய அறிவியல் காரணமும் இருக்கிறது. குப்பியில் அடைத்த எரிவாயு தன் சொந்த ஆவியழுத்தத்தால்தான் வெளியே வருகிறது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரியிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கின்றன. குளிர் அதிகமாகும்போது குப்பியிலுள்ள பியூட்டேன் ஆவியாக மறுத்து உள்ளேயே தங்கிவிடும். கலவையிலுள்ள புரொப்பேன் முதலில் தீர்ந்து, கடைசிப் பகுதி பயன்படாமல் போகும். எரியும்போது குப்பி மேலும் குளிர்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும். பம்பு ஸ்டவ்வில் அழுத்தத்தை உண்டாக்குவது நம் கை. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் கை அசையும் வரை அழுத்தம் இருக்கும்.

பனிப்பிரதேசத்தில் ஸ்டவ் என்பது சமையல் கருவி மட்டுமன்று, அதுவே தண்ணீரின் ஊற்று. ஒரு கிலோ பனியைப் பூச்சிய டிகிரியில் வெறும் தண்ணீராக உருக்குவதற்கே 334 கிலோஜூல் தேவை. அந்த வெப்பம் அதே தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. எண்ணெய் தீர்ந்தால் சுற்றிலும் பனி கிடந்தும் குடிக்கத் துளித் தண்ணீர் கிடைக்காது. இதை உணர்ந்தவர் நார்வேயின் துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சன். 1895-ல் ஃப்ராம் கப்பலை விட்டு இறங்கி, யால்மார் யோஹான்சனோடு 86 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி நடந்தபோது அவர் பிரைமஸ் ஸ்டவ்வைத்தான் கொண்டுபோனார். ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த பாத்திரங்களைக் கொண்ட சமையற்கலத்தை அதன்மேல் பொருத்தி, நடுப்பாத்திரத்தில் உணவு வேகும்போதே சுற்றுப் பாத்திரத்தில் பனி உருகும்படி செய்திருந்தார். வீணாகப் போகும் வெப்பத்தையும் விடாமல் பிடித்துக்கொண்ட அந்த அமைப்பைப் பிற்காலத் துருவப் பயணிகள் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வாஷர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் துருவ வரலாறு காட்டுகிறது. 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்காட்டின் குழு, வழியில் சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேன்களில் அளவு குறைந்திருப்பதைக் கண்டது. மூடிகளின் தோல் வாஷர்கள் கடுங்குளிரில் கெட்டுப்போய் எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் வெளியேறியிருந்தது. உணவுக் குறைவும் கொடுங்குளிரும் வாட்டிய அந்த நாள்களில் இந்தக் குறைவும் சேர்ந்துகொண்டது. அந்தக் குழுவில் எவரும் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்கு முன்பே துருவத்தை அடைந்த ரோல்ட் அமுண்ட்சனின் குழு தன் கேன்களின் வாயை உலோகப் பற்று வைத்து அடைத்திருந்தது.

உயரமான மலைகளிலும் இதே கதைதான். 1952 மே மாதம் எவரெஸ்ட்டின் தென்கிழக்கு முகட்டில், சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங் நோர்கேயும் ஸ்டவ் இல்லாமல் ஓர் இரவைக் கழித்தார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிச் சில வாய்த் தண்ணீர் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை சென்று திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டின் பிரிட்டிஷ் குழுவில் இருந்த உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, உயரத்தில் ஏறுபவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அதற்கேற்ப ஸ்டவ்களும் எரிபொருளும் திட்டமிடப்பட்டன. 1953 மே 29 அன்று டென்சிங்கும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி முகாமில் ஸ்டவ் எரிந்தது என்பது சிறிய காரணமும் அன்று.

பிற்காலத்தில் அமெரிக்காவின் லாரி பென்பர்த்தி, மலை நோய்க்கும் உடலின் நீரிழப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபடியே 1973-ல் புதுவகை ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவந்தார். எரிபொருள் புட்டியே அதில் தொட்டி. பர்னர் சற்றுத் தள்ளி நிற்கும். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கும். இன்று கடும் பயணங்களுக்குச் செல்வோர் சுமக்கும் திரவ எரிபொருள் ஸ்டவ்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

கேள்வி: என்னிடம் ஸ்வேயா 123 என்ற சிறிய பித்தளை ஸ்டவ் இருக்கிறது. அதில் பம்பே இல்லை. பெட்ரோல் தொட்டியைச் சூடாக்கிப் பற்றவைக்க வேண்டும் என்கிறார்கள். கேட்கவே அச்சமாக இருக்கிறது, இது பாதுகாப்பானதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அந்த அச்சத்தை முழுவதும் விட்டுவிடவும் வேண்டாம். 1955-ல் வெளிவந்த இந்த ஸ்டவ் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் எடை கொண்டது. காற்று மறைப்பும் பாத்திரத் தாங்கியும் ஒன்றாக அமைந்தது. மேல்மூடியைக் கவிழ்த்தால் சிறு பாத்திரம். இதைவிடச் சிக்கனமாக ஒரு ஸ்டவ்வை வடிவமைப்பது கடினம் என்பது என் கருத்து.

மண்ணெண்ணெய் ஆவியாக 150 டிகிரிக்கு மேல் சூடு தேவை. பெட்ரோலின் இலகுவான பகுதிகளோ 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எனவே தொட்டி கையால் தொடக்கூடிய அளவு வெதுவெதுப்பானாலே உள்ளே போதிய அழுத்தம் உண்டாகிவிடும். தொட்டியின் மேலுள்ள குழிவில் சிறிதளவு ஸ்பிரிட்டைக் கொளுத்தினால் தொட்டியும் பர்னரும் ஒருசேரச் சூடாகின்றன; அது அணையும் தறுவாயில் எரிபொருளைத் திறந்துவிடும் சாவியைத் திருகினால் சுடர் பிடித்துக்கொள்ளும். பிறகு சுடரிலிருந்து கீழிறங்கும் வெப்பமே தொட்டியின் அழுத்தத்தைக் காத்துவருகிறது.

ஆபத்து வருவது இந்த வெப்பம் அளவுக்கு மீறும்போதுதான். ஸ்டவ்வைவிட மிக அகன்ற பாத்திரத்தை வைத்தாலோ, தகட்டு மறைப்பால் நெருக்கமாகச் சுற்றி மூடினாலோ, சுடரின் சூடு தொட்டியின் மீது திருப்பப்பட்டு அழுத்தம் ஏறிவிடும். மூடியிலுள்ள சேஃப்டி வால்வு அப்போது திறந்து ஆவியை வெளியேற்றும். வெளியேறும் ஆவி தீப்பற்றும். எனவே எரியும்போது தொட்டியை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள். மூடி உங்களையோ கூடாரத்தையோ பார்த்தபடி இல்லாமல் திருப்பி வையுங்கள். தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பழைய மூடியின் வால்வு ரப்பர் கட்டியாகியிருக்கும். அதைப் புதுப்பிக்காமல் ஒருமுறைகூடப் பற்றவைக்க வேண்டாம். எரிந்து அணைந்த ஸ்டவ் முழுதும் ஆறும் வரை மூடியைத் திறப்பதும் பெட்ரோல் ஊற்றுவதும் கூடவே கூடாது. வாகனப் பெட்ரோலை விட, இவ்வகை ஸ்டவ்களுக்கென்றே விற்கப்படும் தூய எரிபொருள் நல்லது. வாகனப் பெட்ரோலில் சேர்க்கப்படும் பொருள்கள் பர்னரில் படிந்து அடைப்பதோடு, அதன் புகையும் உடலுக்குக் கேடு.

கேள்வி: மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. என் பம்பு ஸ்டவ்வில் பெட்ரோலை ஊற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சிறிதளவு கலந்தும் பயன்படுத்தக் கூடாது. மண்ணெண்ணெய் 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலையை அடையும். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைப்பது காற்றுத் திருகைத் திறந்துதான்; பெட்ரோல் இருந்தால், எரியும் பர்னருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் ஆவியைத் திறந்துவிட்டதாகும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: என் தாத்தா பயணங்களில் பயன்படுத்திய மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று பரணில் கிடந்தது. பம்பை இழுத்து அழுத்தினால் காற்று ஏறுவதே இல்லை. கடைகளில் காட்டினால் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அதை மீண்டும் எரிய வைக்க முடியுமா? எனக்கு இதில் அனுபவம் இல்லை.

பதில்: தூக்கிப் போடாதீர்கள். தொட்டியில் விரிசல் இல்லையென்றால் அநேகமாக அது மீண்டும் எரியும். தாத்தா செய்திருக்கக்கூடிய அதே வேலைகளை நீங்களும் செய்யப்போகிறீர்கள்; அதற்குத் தேவை பொறுமையும் சரியான அளவுள்ள ஸ்பேனரும்தான். வழுக்கும் ஸ்பேனரும் இடுக்கியும் பித்தளையின் முனைகளை உருட்டிக் கெடுத்துவிடும்.

பம்பிலிருந்து தொடங்குங்கள். பம்புக் குழாயின் மேல்மூடியைத் திருகினால் தண்டு வெளியே வந்துவிடும். அதன் முனையில் சிறு கிண்ண வடிவில் தோல் வாஷர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் காணாத தோல் வற்றிச் சுருங்கிக் குழாயின் சுவரைத் தொடாமல் நிற்பதே, காற்று ஏறாததற்கு எல்லாவற்றிலும் பெரிய காரணம். தோல் கிழியாமல் இருந்தால் இயந்திர எண்ணெயில் ஓரிரவு ஊற வைத்து, விரல்களால் விளிம்பை மெல்ல வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். கிண்ணத்தின் திறந்த பக்கம் தொட்டியை நோக்கி இருக்கும்படி மீண்டும் பொருத்துங்கள். உள்ளே செலுத்தும்போது விளிம்பு மடங்கிவிடாமல், சுற்றியபடியே செலுத்த வேண்டும். பல ஸ்டவ்களுக்கு இந்த ஒரு வேலையிலேயே உயிர் வந்துவிடுகிறது.

காற்று ஏறிய பிறகு பம்பின் கைப்பிடி தானாக மேலே எழும்பினாலோ, பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வந்தாலோ, குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது என்று பொருள். அதைக் கழற்றுவதற்கென்றே நீண்ட கருவி ஒன்று உண்டு. அந்தக் கருவி இல்லாமல் ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தால் வால்வின் தலை உடைந்துவிடும்; பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. உள்ளே இருக்கும் பயறளவு தக்கையோ ரப்பரோ குழிந்திருக்கும். அதன் இடத்தில் எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் விட்டான் போன்ற செயற்கை ரப்பரைப் பொருத்தலாம். தொட்டி மூடியின் வாஷருக்கும் அதுவே ஏற்றது. பர்னரும் குழாயும் சேரும் இடத்திலுள்ள ஈய வாஷரைக் கழற்றினால் மீண்டும் போடாமல் புதிதாகப் போடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, நெருப்பில்லாமல் ஒரு சோதனை. காலியான தொட்டியில் காற்றடித்து, சோப்புத் தண்ணீரை இணைப்புகள் அனைத்திலும் தடவுங்கள். குமிழி எழும் இடம் கசியும் இடம். திருகு இணைப்பில் குமிழி வந்தால் வாஷரால் சரியாகும். தொட்டியின் உடம்பிலோ பற்றுவைத்த மூட்டிலோ வந்தால், தேர்ந்த கைவினைஞரிடம்தான் கொண்டுபோக வேண்டும். பசை தடவி அடைத்துப் பற்றவைக்கும் துணிச்சல் வேண்டாம்.

நிப்பிளின் துளையை ஸ்டவ் ஊசியால் குத்தும்போது மென்மையாகக் குத்துங்கள். முரட்டுத்தனமாகக் குத்திக் குத்தித் துளை அகன்றுவிட்ட நிப்பிள், எவ்வளவு சூடேற்றினாலும் மஞ்சளாகத்தான் எரியும். அதற்கு மாற்று நிப்பிள் போடுவது ஒன்றே வழி. சில பழைய ஸ்டவ்களில் சூடேற்றும் கிண்ணத்தில் கல்நார்த் திரி வைத்திருப்பார்கள். நார்நாராக வெளுத்த எதையும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

முதல் முறை வெட்டவெளியில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் ஏற்றுங்கள். கூடாரத்துக்குள்ளோ மூடிய அறையிலோ வேண்டாம், பழகிய பிறகும் வேண்டாம். நீலச் சுடரும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேள்வி: பழைய ஸ்டவ்வைப் பளபளவென்று மெருகேற்ற வேண்டுமா, கறுத்த நிறத்தோடு விட்டுவிட வேண்டுமா?

பதில்: இரண்டு கட்சிகளும் வலுவாகவே வாதிடுகின்றன. நான் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பச்சைக் களிம்பையும் நீக்கிவிட்டு, அதற்கு மேல் பித்தளையைத் தொடாமல் விடும் பக்கம் நிற்கிறேன். சோப்பும் வெந்நீரும் முதலில். பிறகு, தேவையானால், நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் சிறிது நேரம். நெடுநேரம் ஊறினால் மேற்பரப்பில் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகிவிடும். அமோனியா கலந்த மெருகுத் திரவங்களைத் தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். இழுத்தும் அழுத்தியும் வடிவமைத்த பித்தளைத் தகட்டில் உள்ளிழுவிசை தங்கியிருக்கும். அமோனியா பட்டால் அத்தகைய பித்தளை நாளடைவில் விரிசல்விடும். அழுத்தம் தாங்க வேண்டிய தொட்டிக்கு அது கூடாது.

சுழலும் மெருகுச் சக்கரத்தில் கொடுப்பதையும் நான் விரும்புவதில்லை. பொறித்த எழுத்துகள் அதில் தேய்ந்துவிடும். பிரைமஸ் நிறுவனம் 1911 முதல் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் எழுத்தைத் தன் ஸ்டவ்களில் பொறித்துவந்தது. அந்த ஆண்டுக்கு உரியது ஏ என்ற எழுத்து. உங்கள் ஸ்டவ் பிரைமஸ் ஆக இருந்தால், துடைப்பதற்கு முன் தொட்டியின் அடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.